அசனத்துக்கு மறுநாள்

போன வாரம் முழுக்க ஜெபராணி ஒரே ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் சொல்லிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் ஊசிகளைக் கொதிக்கவைக்கும்போது சொல்லிப் பார்த்தாள். ஜெபத்துக்கு முழங்கால் போட்டபோதும் அதுதான் முதலில் வந்து நின்றது. அண்ணன் ரயிலை விட்டு இறங்கியதும் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் என்று தீர்மானித்திருந்தாள்.

விருதுநகர் ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டி வந்து நின்றது. டாக்டர் ராஜசிங் கையில் ஒரு சின்னப் பெட்டியோடு இறங்கினார். இருபது வருஷமாக மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து தோள் வளைந்துபோன மனிதர். ஜெபராணி முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள்.

"வாங்கண்ணே. வண்டியில தூங்குனீகளா?"

இதைச் சொல்லத்தான் ஒரு வாரம் பழகினாளா? தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

அதற்குள் சங்கரபாண்டியன் ஆள் உயர மாலையோடு நடுவில் புகுந்துவிட்டார். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருப்பவர், விழாக் கமிட்டித் தலைவர். அவருக்குப் பின்னால் ஜெபராணியின் கணவர் தேவாசீர்வாதம், சிவகாசியில் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர். மச்சானுக்கு ஊரைக் கூட்டிப் பாராட்டு விழா நடத்த வேண்டுமென்று மூன்று மாதமாக அலைந்து திரிந்தது அவர்தான்.

"ரத்தப் புற்றுநோயில நம்ம மச்சான் எழுதினத வெள்ளைக்கார டாக்டருங்க எல்லாம் படிக்காகளாம். டெல்லியில பதக்கம் குடுத்துட்டாக. நம்ம ஊரு ஒரு பொன்னாடை போத்தாட்டா நல்லாருக்குமா?" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெபராணி எதைச் சொல்ல முடியாமல் தவிக்கிறாள் என்பது இந்தத் தொடரை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே மகன் எட்வினுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. பிழைக்க மாட்டான் என்று எல்லோரும் கைவிட்டபோது, ராஜசிங் மெட்ராஸிலிருந்து புது மாத்திரை கொண்டுவந்தார். நோய் ஓய்ந்தது. ரத்தத்தில் ஒரு கெட்ட அணுகூடத் தெரியவில்லை. "ஆனா மாத்திரைய மட்டும் நிறுத்திராதம்மா" என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார்.

அந்த வருஷம் சர்ச்சில் அசனப் பண்டிகை வந்தது. ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு முன்னால் சாட்சி சொல்லும் நேரத்தில், எட்வினின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபராணி எழுந்து நின்றாள். "கர்த்தர் என் மகனுக்குப் பூரண சுகம் குடுத்துட்டார்" என்று சொன்னாள். சபை முழுக்க அழுதது. பாதிரி ஐயர்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் காலை மாத்திரையைக் கையில் எடுத்தாள். கை நின்றுவிட்டது. நேற்று அத்தனை பேர் முன்னால் பூரண சுகம் என்று சொன்ன வாய். இன்றைக்கு மாத்திரை கொடுத்தால் நேற்றுச் சொன்னது என்ன? ஆண்டவரை நம்பவில்லை என்று ஆகாதா? மாத்திரையால் பையனுக்கு வாயெல்லாம் வேறு புண், கஞ்சியை விழுங்கவே அழுவான். மாத்திரையை அடுப்பில் போட்டாள். அதற்கடுத்த நாளும் போட்டாள். நர்ஸ் வேலை பார்க்கிறவள். விவரம் தெரியாமல் செய்தாள் என்று சொல்லவும் வழியில்லை.

மழைக்காலத்தோடு நோய் திரும்பி வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் எட்வின் போய்விட்டான். கல்லறைத் தோட்டத்தில் வைத்து ராஜசிங் தங்கையிடம் கேட்டார், "மாத்திரைய விடாம குடுத்தியாம்மா?" என்று.

"விடாம குடுத்தேண்ணே."

அன்றைக்குச் சொன்ன பொய். அண்ணனுக்கும் தெரியாது, கணவருக்கும் தெரியாது.

சங்கரபாண்டியனின் கார் சிவகாசிப் பாதையில் போய்க்கொண்டிருந்தது. வத்தல் நெடி ஏறிய கார். அதில் ஏறினவர்கள் தும்மாமல் இறங்கியது கிடையாது. மூன்றாவது தும்மலுக்குப் பிறகு ராஜசிங் கேட்டார்.

"பொன்னுத்தங்கம் எப்படி இருக்கா?"

நாரணாபுரத்தில் தீப்பெட்டி ஆபீஸுக்குத் தீக்குச்சிக் கட்டை அடுக்கப் போகிற சின்னத்தாயின் மகள் அவள். அவளுக்கும் எட்வினுக்கு வந்த அதே நோய். ராஜசிங் சொன்னபடி ஒன்றுக்கு இரண்டு வகை மாத்திரை கொடுத்ததில் போன மாதம் தேறிவிட்டாள். வாரா வாரம் மாத்திரையைக் கொடுத்தனுப்புவது ஜெபராணிதான்.

"ஓடி ஆடித் திரியுறாண்ணே. சாயங்காலம் விழாவுக்குக் கூட்டிட்டு வாராக."

"நல்லது" என்றார். வெளியே பருத்திக் காட்டைப் பார்த்தபடியே, "இன்னைக்கு மேடையில நான் எட்வினப் பத்திப் பேசப்போறேன்" என்றார்.

ஜெபராணி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "அவனப் பத்தி என்னண்ணே பேசப்போறீக?"

"எனக்கும் அவனுக்கும் ஒண்ணு பாக்கி கிடக்கு. அதத்தான்."

தேவாசீர்வாதம் மச்சானின் முழங்காலை மெல்லத் தட்டிக்கொடுத்தார். மகன் பெயரை யாராவது சொன்னால் அவருக்குப் பேச்சு வராது. இப்போது சொல்லிவிடலாமா என்று ஜெபராணி நினைத்தாள். முன் சீட்டில் சங்கரபாண்டியன் இருக்கிறார். விழா முடியட்டும். அண்ணனுக்கு இன்றைக்குத்தான் ஊர் பொன்னாடை போர்த்துகிறது, அதில் மண்ணைப் போடுவானேன்? இப்படிப் பதினோரு வருஷமாக அவளுக்குக் காரணங்களுக்குப் பஞ்சமே வந்ததில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ராஜசிங் உள்ளறையில் கண்ணயர்ந்தார். தேவாசீர்வாதம் பந்தலைப் பார்க்கப் போய்விட்டார். பின்கட்டில் ஜெபராணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, கொல்லைப்படலைத் திறந்துகொண்டு சின்னத்தாய் வந்தாள். கூடவே பொன்னுத்தங்கம், எண்ணெய் வழித்துச் சீவிய தலையோடு.

"நர்ஸம்மா, இத வாங்கிக்கோங்க."

நீட்டியது ஒரு தீப்பெட்டி. ஜெபராணி கொடுத்தனுப்புகிற அதே பெட்டிதான். திறந்து பார்த்தாள். இந்த வாரத்து மாத்திரைகள் வெளிறின மஞ்சளில் அப்படியே கிடந்தன.

"ஏன் சின்னத்தாயி, குடுக்கலையா?"

"அதான் புள்ளைக்குச் சொகமாயிருச்சே. ரத்தத்துல ஒண்ணுமில்லன்னு டாக்டரய்யாவே சொல்லிட்டாகளே. வர்ற வெள்ளிக்கிழமை இருக்கன்குடி ஆத்தா கோயில்ல இவளுக்கு முடியெடுக்கோம். நான் அக்கினிச்சட்டி எடுக்கேன். ஆத்தாகிட்ட ஒப்படைச்சாச்சு. அப்புறமும் மாத்திரையக் குடுத்தா, என்னைய நம்பலையாடின்னு ஆத்தா கேக்க மாட்டாளா?"

ஜெபராணி கையிலிருந்த கும்பாவைக் கீழே வைத்தாள். இந்தப் பேச்சை அவள் வேறு எங்கேயும் கேட்டதில்லை. தன் மனசுக்குள்ளேதான் கேட்டிருக்கிறாள்.

முதலில் நர்ஸாக அதட்டிப் பார்த்தாள். பிறகு தணிந்து சொன்னாள். "ஒங்க ஆபீஸ்ல தீப்பிடிச்சு அணைச்ச பெறகும் சாம்பல்ல தண்ணி ஊத்திக்கிட்டே இருப்பாகள்ல? உள்ளுக்குள்ள கங்கு கிடக்கும். அது மாதிரித்தான் இதுவும்."

"அது கங்கு. இது ஆத்தா" என்றாள் சின்னத்தாய்.

பொன்னுத்தங்கம் கழுவிய தட்டில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த மழைக்காலத்தில் இந்தப் பிள்ளை எப்படி இருக்கும் என்று ஜெபராணிக்குத் தெரியும். உதடு வெளுத்து, தொட்ட இடமெல்லாம் கன்றிப்போய், மூக்கில் ரத்தம் நிற்காமல் கிடக்கும். ஒரு தடவை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவள் அவள்.

"நீங்க கோவிக்காதீக நர்ஸம்மா" என்றாள் சின்னத்தாய். "ஒங்களுக்கு இந்த நெலம வந்து, ஒங்க ஏசுசாமிகிட்ட சொகமாயிருச்சுன்னு சொல்லிட்டு வந்திருந்தா, மறுநாள் நீங்க மாத்திரை குடுப்பீகளா?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. வெள்ளந்தியாகத்தான் கேட்டாள்.

ஜெபராணி தீப்பெட்டியைத் துணி துவைக்கிற கல்லில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் குடுக்கல" என்றாள்.

சின்னத்தாய்க்குப் புரியவில்லை. ஜெபராணி எல்லாவற்றையும் சொன்னாள். அசனத்தைச் சொன்னாள், அடுப்பைச் சொன்னாள், கல்லறைத் தோட்டத்தில் அண்ணனிடம் சொன்ன பொய்யைச் சொன்னாள். யாரிடமும் சொல்லாதது, தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற ஒருத்தியிடம் கொல்லையில் வைத்து இவ்வளவு சுலபமாக வந்ததே என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அழுகை வரவில்லை. வெட்கம்தான் பிடுங்கித் தின்றது.

சின்னத்தாய் மகளை இழுத்துத் தன் மடியோடு சேர்த்துக்கொண்டாள். பிறகு கல்லின் மேலிருந்த தீப்பெட்டியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சட்டியும் எடுக்கேன். மாத்திரையும் குடுக்கேன். ஆத்தா கோவிச்சா என்னைய மட்டும் கோவிக்கட்டும்."

படல் வரைக்கும் போனவள் நின்றாள்.

"டாக்டரய்யாவுக்குத் தெரியுமா இது?"

"தெரியாது."

"எனக்குச் சொன்னீக, சரி. சொல்ல வேண்டியவுக உள்ள தூங்குறாக" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஜெபராணி எழுந்து உள்ளறை வாசலில் போய் நின்றாள். அண்ணன் விழித்துத்தான் இருந்தார். சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே, "நேரமாச்சாம்மா?" என்றார். அதே நேரம் வாசலில் சங்கரபாண்டியனின் கார் ஹாரன் அடித்தது. "ஆச்சுண்ணே" என்றாள் ஜெபராணி.

பள்ளிக்கூட மைதானத்தில் நல்ல கூட்டம். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் விட்டு நேராக வந்தவர்கள் கையில் மருந்துக் கறையோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனைக்குட்டத்திலிருந்து ஒரு மாட்டு வண்டி நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். பெண்கள் பக்கம் முன்னால் சின்னத்தாயும் பொன்னுத்தங்கமும் இருந்ததை ஜெபராணி வந்ததுமே பார்த்துவிட்டாள். முதல் வரிசையில் தேவாசீர்வாதத்தின் பக்கத்து நாற்காலி அவளுக்கு.

சங்கரபாண்டியன் தலைமையுரை ஆற்றினார். டாக்டரைப் பற்றி ஆரம்பித்து, ரத்தத்துக்கு வந்து, ரத்தத்துக்குக் காரம் நல்லது என்று சொல்லி, குண்டூர் வத்தலுக்கும் சாத்தூர் வத்தலுக்கும் உள்ள வித்தியாசத்தில் போய்ச் சிக்கிக்கொண்டார். தேவாசீர்வாதம் மேடையேறி ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்து அவரை மீட்டுக்கொண்டுவர வேண்டியதாயிற்று. பாராட்டுப் பத்திரம் வாசித்துப் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் ராஜசிங் மைக் முன்னால் வந்தார்.

"எல்லாரும் நான் செயிச்சதச் சொன்னீக. நான் தோத்ததச் சொல்லிட்டு உக்காந்துக்கிறேன்" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"எட்வின்னு எனக்கு ஒரு மருமகன். ஏழு வயசு. மாத்திரை நான்தான் குடுத்தேன். வாயெல்லாம் புண்ணாகி, மாமா கஞ்சி எரியுதுன்னான். ஊரான் பிள்ளையா இருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன். எந்தங்கச்சி பிள்ளை. மருந்தோட அளவைக் குறைச்சிட்டேன். கொஞ்ச மாசத்துல நோய் திரும்பிருச்சு. அவனக் கொன்னது நோயில்ல, நான் குறைச்ச அந்த அளவு."

அளவைக் குறைத்தார் என்பது ஜெபராணிக்குத் தெரியும். அதை இவர் இப்படிச் சுமந்துகொண்டு திரிகிறார் என்பது தெரியாது.

"நோய் ஓய்ஞ்சிருக்கும்போதே ரெண்டாவது மருந்தையும் சேத்துக் குடுக்கணும்னு நான் கண்டுபிடிச்சதா இப்ப வாசிச்சாக. ஒரு மருந்தை விடாம குடுத்தும் எட்வின் போனானே, ஏன் போனான்னு தேடித்தான் அங்க போய்ச் சேந்தேன். அவன் அம்மா ஒரு வேளைகூட விடல. கை நடுங்குனது எனக்குத்தான். இந்தப் பொன்னாடை யாருக்குச் சேரணும்னு எனக்குத் தெரியும்."

தோளிலிருந்து பொன்னாடையை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். கைதட்டல் மறுபடி எழுந்தது. பெண்கள் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஜெபராணி எழுந்து நின்றாள். அவர் பொன்னாடையை விரித்தபோது அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போத்தாதீகண்ணே."

"ஏம்மா?"

"நான் குடுக்கல."

கைதட்டலில் அவருக்குச் சரியாகக் கேட்டதா என்று தெரியவில்லை. "என்னத்த?" என்று குனிந்தார்.

"மாத்திரைய. அசனத்துக்கு மறுநாள்லயிருந்து அடுப்புல போட்டேன். ஒங்க அளவு மேல தப்பில்ல. ஒங்ககிட்ட பொய் சொன்னேன்."

ராஜசிங்கின் முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை. தலைச்சுமையை யாரோ திடீரென்று இறக்கிவைத்ததுபோல ஒரு தெளிச்சி வந்தது. அதைப் பார்த்தபோதுதான் ஜெபராணிக்குத் தான் செய்தது முழுசாக விளங்கியது. மகனுக்குச் செய்தது ஒன்று; அது பயத்திலும் பக்தியிலும் செய்தது. இந்த மனிதருக்குச் செய்தது வேறு. வாயைத் திறந்திருந்தால் இந்தத் தெளிச்சியைப் பதினோரு வருஷத்துக்கு முன்னாலேயே கொடுத்திருக்கலாம்.

தெளிச்சி அடங்கியது. "எத்தன ராத்திரி அந்த அளவையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்திருக்கேன் தெரியுமா?" என்றார் மெதுவாக.

"தெரியும்ணே."

"ஒனக்குத் தெரியாது."

பக்கத்தில் தேவாசீர்வாதத்தின் கைகள் தட்டுவதை நிறுத்திவிட்டு அந்தரத்தில் நின்றன. ஜெபராணி அந்தப் பக்கம் திரும்பவில்லை. இத்தனை வருஷமாகக் கேட்க வாயில்லாமல் இருந்த கேள்வியை அண்ணனிடம் கேட்டாள்.

"குடுத்திருந்தா பிழைச்சிருப்பானாண்ணே?"

பிழைத்திருக்க மாட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆறுதலுக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர்.

"தெரியல. அது அந்தக் காலத்து மருந்து. குடுத்திருந்தாலும் திரும்பியிருக்கலாம். திரும்பாமலும் இருந்திருக்கலாம். இனி யாராலயும் அதச் சொல்ல முடியாது."

மேடையில் சங்கரபாண்டியனுக்கு இதெல்லாம் பாசத்தில் உருகுவதாகத்தான் பட்டது. மைக்கைப் பிடித்து, "டாக்டரோட தங்கச்சி மேடைக்கு வந்து ரெண்டு வார்த்தை பேசணும்னு கேட்டுக்கிறோம்" என்றார்.

ராஜசிங் பொன்னாடையை மடித்துத் தன் கையிலேயே போட்டுக்கொண்டார். "போ" என்றார்.

"நான் என்னண்ணே பேச?"

"இப்ப எங்கிட்ட சொன்னத அப்படியே சொல்லு. எனக்காக இல்ல. சொகமான பெறகும் நிறுத்தாதீகன்னு நானும் போற ஊரெல்லாம் கெஞ்சுதேன். கோட்டுப் போட்டவன் சொன்னா யாரு கேக்கா? பறிகொடுத்தவ சொன்னாத்தான் கேப்பாக."

மன்னிச்சுட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். அவள் போனாள். மூன்று படி ஏறினாள். மைக் முன்னால் நின்றபோது முதலில் கண்ணில் பட்டது சின்னத்தாய். அவள் மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பேரு ஜெபராணி. நர்ஸு" என்று ஆரம்பித்தாள். தன் குரல் மைதானக் கோடியில் போய்த் திரும்பி வந்ததைக் கேட்டாள். "எம்மகனுக்குச் சொகமாயிருச்சுன்னு ஒருநா சர்ச்சுல எந்திரிச்சு சாட்சி சொன்னேன். இன்னைக்கு மிச்சத்தையும் சொல்லணும். பிள்ளைகளுக்கு மருந்து குடுக்குற தாய்மாருக எல்லாரும் கேளுங்க."

முதல் வரிசையில் தேவாசீர்வாதம் எழுந்தார். அன்றைக்கு அந்த அசனத்தில், மகன் பிழைத்த சந்தோஷத்தில், இலை இலையாகக் குனிந்து சோறு பரிமாறியவர் அவர். ட்யூப்லைட் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்தது. அவர் மேடைப் பக்கம் வருகிறாரா, வெளிவாசல் பக்கம் போகிறாரா என்று ஜெபராணிக்குத் தெரியவில்லை.

அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள்.